தோல்வியின் பழி யார் தலையில்?

தோல்வி வந்ததும் நாம் கேட்பது, ‘யாரால் வந்தது?’ என்பதே. ஒருவரை விலக்கினால் மனம் ஆறுகிறது. ஆனால் அது நீதியாகுமா?

2022 நவம்பர் 22 அன்று, கட்டாரில் நடந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் ஆர்ஜென்டீனா சவூதி அரேபியாவிடம் 2–1 எனத் தோற்றது. அதற்குமுன் 36 ஆட்டங்களில் தோல்வி காணாத அணி அது. நான்கு நாட்களின் பின் மெக்ஸிக்கோவைச் சந்தித்தபோது, பயிற்றுநர் ஸ்கலோனி தொடக்க அணியில் ஐவரை மாற்றினார். பின்கள வீரர் மொலினாவுக்குப் பதிலாக மொந்தியேல் இறங்கினார். அணி 2–0 என வென்றது.

பின்னர் நடந்ததே கவனிக்கத்தக்கது. டிசம்பர் 18 இறுதியாட்டத்தில் மொலினா மீண்டும் தொடக்க அணியில் நின்றார்; மொந்தியேல் வெளியே காத்திருந்தார். மேலதிக நேரத்தில் களம் புகுந்த அவர், பந்து கையில் பட்டதால் பிரான்ஸுக்குப் பெனல்டி கிடைக்கக் காரணமானார். ஆயினும் இறுதியில் கிண்ணத்தை உறுதிசெய்த பெனல்டியை உதைத்தவரும் அவரே.

அடுத்த ஆட்டத்தின் தேவை கருதி ஒருவரை வெளியே இருத்துவது தலைவரின் கடமை. நேற்றைய தோல்வி முழுவதையும் அவர் தலையில் சுமத்துவது அநீதி. இரண்டையும் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு: அவர் திரும்பிவர வழி திறந்திருக்கிறதா? பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு நம் வீட்டிலும் அந்த வழி திறந்திருக்கட்டும்.