வீட்டு நாய் செத்தால் அழலாமா?



சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பூசை முடிந்து நான் பூசை உடுப்புக்களைக் கழற்றிக்கொண்டிருக்கையில், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். கையில் நாலாக மடித்த இருபது ரூபாய் நோட்டு. "சாமி, மணிக்கு ஒரு பூசை வைக்கணும்" என்றான்.

மணி யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முன்னிருந்த சுவாமியார் குட்டியிலிருந்து வளர்த்த நாய். ஆறு வருஷத்துக்கு முன் நான் இங்கே வந்தபோது, சாவிக்கொத்தோடும் கணக்குப் புத்தகங்களோடும் சேர்த்து அதையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒப்புக்கொண்டவைகளில் கணக்கிலே பிசகில்லாதது அது ஒன்றுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. திரிகால மணி அடித்தால் எழுந்து நிற்கும். பூசை நேரத்தில் கோவில் பக்கவாசலுக்கு வெளியே படுத்திருக்கும். ஒருநாளும் படி ஏறினதில்லை. உங்கள் வீட்டுச் சாவுகளுக்கெல்லாம் நடந்து வந்து, கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்று, பிறகு என்னோடு திரும்பிவிடும். பதினாலு வயதுக்குமேல் ஆகிவிட்டது. அது செத்து மூன்று நாள் கழித்துத்தான் அந்தப் பையன் வந்தான்.

அவனுக்கு நான் சொன்ன பதிலைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் என்னுடைய குற்றமொன்றை உங்கள்முன் சொல்லவேண்டியிருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன், நம் பங்கைச் சேர்ந்த ஒரு கைம்பெண் தன் நாய் செத்துவிட்டதென்று என்னிடம் வந்து கண்கலங்கினாள். புருஷன் போய்விட்டார்; பிள்ளைகள் தூரதேசத்தில். எனக்கு அன்று கலியாண ஓலை வாசிப்பும், கட்டட வேலைக் கணக்கும் தலைக்குமேல் இருந்தது. "நாய்தானே பாட்டி, மனுஷருக்கு அழுகிறதற்கே நமக்குக் கண்ணீர் போதவில்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். "சரி சாமி" என்றாள். அவ்வளவுதான். அந்த "சரி சாமி" என்ற சொல், மணி தண்ணீரும் குடியாமல் திண்ணையில் கிடந்த நாட்களில் ஓயாமல் என் காதில் கேட்டது.

நான் செமினாரியில் படித்த சாஸ்திரத்தில் தப்பில்லை. தப்பு என்னிடத்தில். வேதாகமத்தைத் திறந்து பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். தாவீது அரசனுடைய பாவத்தைக் கண்டிக்க நாத்தான் தீர்க்கதரிசி என்ன கதை சொன்னார்? ஓர் ஏழையிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது. அவன் பிள்ளைகளோடு வளர்ந்தது, அவன் உண்ட கவளத்தில் உண்டது, அவன் கிண்ணத்தில் குடித்தது, அவன் மடியில் தூங்கியது, அவனுக்கு மகளைப்போல் இருந்தது. அந்தக் குட்டியைப் பணக்காரன் பிடித்து அறுத்தான் என்று கேட்டதும் தாவீதுக்குக் கோபம் பற்றி எரிந்தது. "ஆடுதானே" என்று தாவீது சொல்லவில்லை. ஆடு மேய்த்த கை அது, அறிந்திருந்தது.

தொபியாஸ் ஆகமத்திலும் பாருங்கள். இளைய தொபியாஸ் இரபேல் சம்மனசானவரோடு தூரப் பிரயாணம் புறப்படும்போது வீட்டு நாயும் பின்தொடர்ந்தது என்று எழுதியிருக்கிறது. நாய் அங்கே ஒரு புதுமையும் செய்யவில்லை. மீனைப் பிடிக்கவில்லை, பேயை ஓட்டவில்லை. போயிற்று, வந்தது, அவ்வளவுதான். திரும்பி வருகையில் அது முன்னே ஓடி வாலைக் குழைத்துச் சந்தோஷப்பட்டது என்று நம் பழைய லத்தீன் வேதாகமம் கூறுகிறது. கண்தெரியாத தகப்பனும் அழுது களைத்த தாயும் காத்திருந்த வீட்டுக்கு முதல் நற்செய்தியைக் கொண்டுவந்தது அந்த வால்தான். பரிசுத்த ஆவியானவர் எழுதுவித்த ஆகமத்தில் அதற்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. நம் நாட்டுக் கோவில்களில் ஆரோக்கியநாதர் சுரூபத்தின் காலடியிலே நிற்கிற நாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். கொள்ளைநோய் கண்டு காட்டில் தனியே கிடந்த அந்த அர்ச்சியசிஷ்டவருக்கு ஒரு நாய் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்ததென்பது பாரம்பரியம். மனுஷர் பயந்து ஒதுங்கின இடத்துக்கு அது போயிற்று.

ஆகையால், அழலாமா என்றால், அழலாம். வெட்கப்பட வேண்டாம். பாவசங்கீர்த்தனத்தில் வந்து அதைப் பாவமென்று சொல்லவும் வேண்டாம்.

இனி நோயைப்பற்றி. மணி மழைக்காலம் முடிந்ததிலிருந்து சட்டிச் சட்டியாய்த் தண்ணீர் குடித்தது. வெயில் காரணம் என்று நினைத்தேன். பிறகு இளைத்தது, வாயில் துர்வாடை வீசியது, சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. கால்நடை மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்றார். "முன்னமே கொண்டுவந்திருந்தால்?" என்று கேட்டேன். சிறுநீரகம் முக்கால்வாசி கெட்ட பிறகே பெரும்பாலும் சாதாரண இரத்தச் சோதனையில் தெரியவரும், கிழட்டு நாய்களுக்கு இது சகஜம் என்றார். தங்கள் நாயை இழந்த வீட்டார் பலர் "நாங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டோம்" என்று தங்களைத் தாங்களே குத்திக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கவனக்குறைவு உண்டானால் உண்டுதான், அதற்கு மனஸ்தாபப்படுங்கள். ஆனால் சர்வேசுரன் நோயை மறைத்துவைத்த இடத்தில் நீங்கள் காணவில்லையென்று உங்களைக் குற்றவாளியாக்க வேண்டாம். தேவையற்ற குற்றமனது ஒரு புண்ணியமல்ல.

நோயாளி நாயை வைத்திருக்கிற வீட்டாருக்கு இரண்டொரு காரியம். நாம் விழுங்குகிற வலிமாத்திரைகளை இரக்கத்தினால்கூட அதற்குக் கொடுக்கலாகாது. நமக்குச் சுகம் தருகிற மாத்திரை அதன் குடலையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்துவிடும். எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தால் பழைய சாக்கை நாலு மடிப்பாய்ப் போட்டு, சில மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவையுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாய் திடீரென்று குணம் மாறி, தண்ணீர் விழுங்க மாட்டாமல் எச்சில் ஒழுகினால், பிரியத்தை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். செபமும் செய்யலாம். நோயுற்ற மிருகங்களுக்கென்றே பழைய உரோமைச் சடங்குப் புத்தகத்தில் மந்திரிப்பு உண்டு. வனத்து அந்தோனியார் திருநாளாகிய ஜனவரி 17-ல் உங்கள் மாடுகளைக் கொண்டுவருகிறீர்களே, அதே தீர்த்தந்தான்.

கடைசி வாரத்தில் மணி இராமுழுதும் முனகிற்று. மருத்துவர், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, ஊசி போட்டு நித்திரையாக்கிவிடலாம் என்றார். மயக்க மருந்தை மிகுதியாய் ஏற்றுவார்கள். முதலில் தூக்கம், பிறகு மூச்சு நிற்கும். நான் இரண்டு நாள் தயங்கினேன். உபதேசியார் என்னைப் பார்த்து, "மனுஷரைக் கொல்லக்கூடாதென்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, நீங்களே இதற்குச் சம்மதிக்கலாமா சாமி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உங்களில் சிலரும் கேட்டிருப்பீர்கள். ஆகையால் தெளிவாகச் சொல்லுகிறேன்.

மனுஷன் சர்வேசுரனுடைய சாயலாக உண்டாக்கப்பட்டவன். அவன் உயிர் அவனுக்கே சொந்தமல்ல. நோயாளியையோ கிழவரையோ கொல்ல மருத்துவருக்கும் உரிமையில்லை, மகனுக்கும் உரிமையில்லை. மேலும் மனுஷன் தன் வேதனையை அறிவான். அதைச் சேசுநாதருடைய சிலுவையோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கக் கூடியவன். கடைசி நாழிகையிலும் மனந்திரும்பலாம், மன்னிப்புக் கேட்கலாம், மன்னிக்கலாம். நாய்க்கு இதொன்றுமில்லை. நாளை என்பது அதற்குத் தெரியாது, பலன் என்பதும் தெரியாது. இருக்கிற வலி மாத்திரம் இருக்கிறது. மிருகங்களை நமக்குக் கீழே வைத்த ஆண்டவர், அவைகளை வீணாக வதைக்கும்படி வைக்கவில்லை. 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூலும், தேவையின்றி மிருகங்களைத் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனுஷருடைய மேன்மைக்கே விரோதம் என்று படிப்பிக்கிறது. மாறாத வேதனையை மருத்துவர் கையால் முடிப்பது வதையல்ல. ஆகவே சம்மதித்தேன். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஊசி ஏறும்போது என் கையை நக்கிற்று. இதற்குமேல் அதைப்பற்றி எழுத வேண்டாம்.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, செலவாகிறதே, நாறுகிறதே, கிழடாய்விட்டதே என்று ஊசி தேடுகிறவர்களுக்கு என் பேச்சு சாக்காகக் கூடாது. கிழட்டு நாயைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருகிறவர்களும் கிறிஸ்தவர்களுக்குள் இருக்கிறார்களாம். பத்து வருஷம் வாசலைக் காத்த பிராணிக்கு அது கூலியா? 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமே அதைக் குற்றமென்கிறது. சர்க்கார் சட்டம் கூசுகிற காரியத்துக்கு ஞானஸ்நானம் பெற்றவன் கூசவேண்டாமா?

அன்பு மிஞ்சிப் போவதும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிராஞ்சு தேசத்து லியோன் மேற்றிராசனத்தில் நடந்ததைக் கேளுங்கள். தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பாம்பினின்று காத்த வேட்டைநாயை, வாயில் இரத்தம் கண்டு, குழந்தையைத் தின்றுவிட்டதென்று எண்ணி எஜமான் வெட்டிப்போட்டானாம். நம் பாட்டிமார் சொல்லும் கீரிப்பிள்ளைக் கதையேதான்! குடியானவர்கள் அந்த நாயை அர்ச். கினேபோர் என்று பெயரிட்டு, நோயாளிக் குழந்தைகளை அதன் குழிக்குத் தூக்கிவர ஆரம்பித்தார்கள். எத்தியேன் என்ற தோமினிக்கு சபைச் சுவாமியார் அதைக் கண்டுபிடித்து, எலும்புகளைத் தோண்டி எரித்து, அந்தத் தோப்பையும் வெட்டுவித்தார். அவர் கடுமையான மனுஷர்தான். ஆனால் குழந்தைகளுக்கு அங்கே ஆபத்து நேர்ந்ததால் செய்தார். நாயை நேசிக்கலாம், நேர்ச்சை வைக்கலாகாது. பெற்ற தாய்க்கு மருந்து வாங்க யோசித்துவிட்டு நாய்க்கு அள்ளிச் செலவழிக்கிற வீடு ஒன்றும் எனக்குத் தெரியும். யாரென்று சொல்லமாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

இப்போது அந்தப் பையனிடம் வருகிறேன். பூசை ஏன் வைக்கக்கூடாது? அர்ச். தோமாஸ் அக்குவீனார் விளக்குகிறபடி, மிருகத்துக்கும் ஓர் உயிர்த்தத்துவம் உண்டு. ஆனால் அது சரீரத்தோடு முடிகிறது. மணி பாவம் செய்யவில்லை, செய்யவும் அறியாது. அதற்கு உத்தரிக்கிற ஸ்தலம் இல்லை. தீர்க்கவேண்டிய கடன் இல்லாதவனுக்காகக் கடன் செலுத்துவாரில்லையே. அதே காரணத்தால் அதை மந்திரித்த கல்லறை பூமியில் புதைக்கவில்லை. பங்களாவுக்குப் பின்னே முருங்கை மரத்தடியில், தெருநாய்கள் தோண்டாதபடி நாலடி ஆழத்தில் புதைத்தோம். இதை அவனுக்குத் தக்கபடி சொன்னேன். அவன் கேட்டான்: "அப்போ மோட்சத்தில் மணி இருக்காதா சாமி?"

இருக்கும் என்று சொல்லிவிடுவது லேசு. 2014-ல் பாப்பானவரே ஒரு பையனுக்கு அப்படிச் சொன்னாரென்று பத்திரிகைகள் எழுதி, பிறகு அவர் சொல்லவில்லையென்று தெரிந்து திருத்திக்கொண்டன. பிள்ளைக்கு ஆறுதலென்று பொய் சொன்னால், பெரியவனானபின் நாம் சொன்ன மெய்யையும் நம்பமாட்டான். இருக்காது என்று சாதிக்கவும் எனக்குத் துணிவில்லை. புதுப்பிக்கப்பட்ட உலகத்தில் மிருகங்கள் இரா என்று அர்ச். தோமாஸ் எண்ணினார். ஆனால் சிருஷ்டி முழுதும் பிரசவ வேதனைப்பட்டு விடுதலைக்குக் காத்திருக்கிறதென்று அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதியிருக்கிறார். பிராஞ்சீஸ்கு பாப்பானவரும் 2015-ல் எழுதிய நிருபத்தில், நித்திய ஜீவியத்தில் ஒவ்வொரு சிருஷ்டியும் பிரகாசமாய் மாறித் தன் இடத்தைப் பெறுமென்றார். எப்படியென்று திருச்சபை இன்னும் வரையறுக்கவில்லை. காசுக்கு விற்கிற குருவிகளில் ஒன்றையும் சர்வேசுரன் மறப்பதில்லையென்று சேசுநாதர் சொன்னாரே, அதை அவனுக்குச் சொன்னேன். "மணியை ஆண்டவர் மறக்கமாட்டார், அது நிச்சயம். மிச்சத்தை அவரிடம் விட்டுவிடு" என்றேன். கொஞ்சநேரம் யோசித்தான். திருப்தியானான் என்று சொல்ல முடியாது. நோட்டை அந்தோனியார் ரொட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடிப்போனான்.

மறுநாள் சாயந்தரம் நான் அந்தக் கைம்பெண் வீட்டுக்குப் போனேன். நாலு வருஷத்துக்கு முன் பேசினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதையா சாமி இன்னும் நினைச்சிக்கிட்டிருக்கீங்க?" என்று சிரித்தாள். ஆனால் உள்ளே போய், துடைத்துச் சுத்தமாய் வைத்திருந்த ஓர் அலுமினியத் தட்டை எடுத்துவந்து காட்டினாள். ஓரத்தில் பல் பட்ட அடையாளம் இருந்தது. அதன் பெயரைச் சொன்னாள். குட்டியில் செருப்பைக் கடித்தது, புருஷன் இறந்த இராத்திரி கட்டிலடியைவிட்டு நகராதது, எல்லாம் சொன்னாள். விளக்கேற்றும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்தபோது, "உங்க நாய் கடைசியா தண்ணி குடிச்சுதா சாமி?" என்று கேட்டாள். ஒரு கரண்டி குடித்தது என்றேன்.

குட்டி கொண்டுவந்து தருகிறோமென்று நாலைந்து வீட்டார் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் பிரியத்துக்குத் தோத்திரம். மழைக்காலம் கழியட்டும், பார்க்கலாம்.

உங்கள் பங்குச் சுவாமியார்