எது இல்லை?

பிழைச்செய்தி ஓர் உரையளவை, பிறர் சொல்லைக் கொண்டு அறியும் வழி. கணினிக்குள் நடந்ததை நிரலர் கண்ணால் காண்பதில்லை. மொழியோடு வரும் நூலகம் சொல்வதை நம்பியே அடுத்த வேலையைப் பார்க்கிறார். அச்செய்தி சில சமயம் பாதி மெய்யாக இருந்து அவரைத் தவறான இடத்தில் தேடவைக்கிறது. அப்போது பிழை சொன்னவரிடமா, கேட்டவரிடமா?

லினக்ஸ் கணினியில் ‘வரவு’ என்றொரு ஸ்கிரிப்ட் இருப்பதாகக் கொள்வோம். தன்னை ஓட்டவேண்டிய இயக்கி எது, எங்கே இருக்கிறது என்பதை அதன் முதல் வரி சொல்கிறது. விண்டோஸில் திருத்திச் சேமித்ததில் அவ்வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத குறியொன்று ஒட்டிக்கொண்டது. பைத்தான் மொழியின் சப்ப்ராசஸ் நூலகம் வழியாக ஓட்டினால் வரும் பதில்: அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை, ‘வரவு’. கோப்போ அங்கேயேதான் இருக்கிறது. கிடைக்காமல் போனது இயக்கி; ஒட்டிய குறியையும் அதன் பெயராகவே எடுத்துக்கொண்டு தேடினால் எப்படிக் கிடைக்கும்? கெர்னல் திருப்பித் தந்தது 2 என்ற எண் மட்டுமே. அந்த எண்ணுக்குரிய வாசகம் சி நூலகத்தினுடையது. பெயரைச் சேர்த்தது பைத்தான், தன் கையில் இருந்த ஒரே பெயரை.

அச்செய்தி சொன்ன ‘இல்லை’யைத் தத்துவத்தில் வைத்துப் பார்ப்போம். இல்லாமை என்றால் ஏதோ ஒன்றின் இல்லாமைதான் என்பது நியாயத் தத்துவத்தின் மதம். தரையில் குடம் இல்லை என்னும்போது குடம் அந்த இல்லாமைக்குப் பிரதியோகி. பிரதியோகி தெரியாமல் இல்லாமையை அறிய முடியாது. இல்லாமையை அறியத் தனி அளவை வேண்டும் என்றார் மீமாம்சகரான குமாரிலர். காட்சியே போதும் என்றனர் நையாயிகர். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார், பத்து வரை விரிந்த அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார்.

நியாயத்தின் கணக்கில் 2 என்ற எண் பிரதியோகி இல்லாத வெறும் இல்லாமை. அதற்கு ஊகத்தில் ஒரு பிரதியோகியைப் பூட்டியதே பைத்தான் செய்த தவறு. அது பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் ஆப்தனுக்கு, அதாவது நம்பிக் கேட்கத் தக்கவனுக்கு, நல்லெண்ணம் மட்டும் போதாது, சொல்லும் பொருளை அறிந்திருக்கவும் வேண்டும்.

பைத்தான் 2 தமிழருக்குத் தந்த தொல்லை வேறு வகை. யுடிஎஃப்-8 பைட்டுகளாக இருக்கும் ‘புதுச்சேரி’யை என்கோட் செய்யச் சொன்னால், 224 என்ற மதிப்புள்ள பைட்டை டிகோட் செய்ய முடியவில்லை என்று பதில் வரும். மெய்தான், என்கோடுக்கு முன்னால் நூலகம் தானாகவே ஆஸ்கியில் டிகோட் செய்து பார்த்துத் தோற்றிருக்கும். யாரும் கேட்காத வேலையின் தோல்வி, கேட்டவர் தலையில் விழுந்தது.

பிரதியோகி தெரிந்த இடத்தில் சப்ப்ராசஸ் அதைச் சரியாகவே சொல்கிறது. வேலை செய்யவேண்டிய அடைவு இல்லையென்றால், நிரலை விட்டுவிட்டு அடைவின் பெயரைத் தருகிறது. பாஷ் ஷெல்லின் பல பதிப்புகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்கிரிப்டின் முதல் வரியைத் தாமே படித்து, கிடைக்காத இயக்கியின் பெயரை, ஒட்டிய குறி உட்பட, அச்சிட்டுவிடும்.