திருவிருந்துப் பந்தியில் யாருக்கு இடம்?

ஞானஸ்நானத்திலும் திருவிருந்திலும் கடவுளே செயல்படுகிறாரா, அல்லது இயேசு சொன்னார் என்பதற்காக நாம் செய்கிற கட்டளைகளா அவை? காரியாபட்டியில் இதைக் கேட்டால் சபைக்குச் சபை பதில் மாறும். கத்தோலிக்கருக்குத் திருவருட்சாதனங்கள் ஏழு. எங்கள் தென்னிந்தியத் திருச்சபைக்கு இந்த இரண்டுதான். பெந்தெகொஸ்தே பாஸ்டர் கட்டளை என்பார். கைக்குழந்தையாக இருந்தபோது நெற்றியில் தெளித்த தண்ணீரை அவர் கணக்கில் எடுப்பதில்லை. பம்புசெட் தொட்டியிலோ கிணற்றிலோ மறுபடி முழுக்குக் கொடுப்பார். அப்படி இரண்டு முறை ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்னிடம் படித்த பிள்ளைகளிலேயே இருக்கிறார்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் எங்கள் மதுரை - இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகினை விடாமல் படிக்கிறவள். 1947 முதல் 1959 வரை அவர் பேராயராக இருந்தார். காரியாபட்டி அப்போது பழைய இராமநாதபுரம் மாவட்டம். 1952இல் கிளாஸ்கோவில் அவர் ஆற்றிய உரைகளில் இந்தக் கேள்வி வருகிறது: மனிதர் கிறிஸ்துவோடு இணைக்கப்படுவது எதனால்? நற்செய்தியைக் கேட்டு நம்புவதாலா, அருட்சாதனங்கள் வழியாகச் சபையில் சேர்வதாலா, ஆவியைப் பெறுவதாலா? மூன்றும் சேர்ந்தால்தான் சபை முழுமை என்பது அவர் கருத்து. எங்கள் ஊரின் மூன்று வகைச் சபைகளையும் பார்த்துவிட்டுப் பேசியது போலவே இருக்கும்.

ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் நான் அருட்சாதனம் என்றே சொல்கிறேன். என் அம்மா கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். பெற்ற மகளையே யார் என்று கேட்டார். சபை ஆயர் வீட்டுக்கு வந்து ஜெபம்பண்ணி அப்பத்தைக் கொடுத்தபோது வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். எந்தக் கட்டளைக்கும் கீழ்ப்படிகிற நிலையில் அவர் இல்லை. சாட்சி சொல்லவும் முடியாது. அங்கே ஏதாவது நடந்தது என்றால் அதைச் செய்தது கடவுள் மட்டுமே. கைக்குழந்தையின் ஞானஸ்நானத்தையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இரட்சணிய சேனையார் 1883 முதல் இந்த இரண்டையுமே நடத்துவதில்லை. நாகர்கோவிலில் அவர்களுடைய கேத்தரின் பூத் மருத்துவமனை எத்தனையோ தலைமுறைகளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறது. அவர்களைக் கிறிஸ்தவர்கள் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழாது. கடவுள் அப்பத்திலும் தண்ணீரிலும் வருகிறார் என்பதால், வேறு வழியில் வரமாட்டார் என்று ஆகிவிடாது.

சிவகாசிதான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. கேம்பிரிட்ஜில் படித்த தாமஸ் ராக்லண்ட் என்ற மிஷனரி வட திருநெல்வேலிச் சீமையில் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்து, 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். அதற்குப் பின்வந்த தலைமுறைகளில் மிஷனரிப் பெண்களும் பைபிள் உமன்களும் நாடார் வீடுகளுக்குள் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிக் கேட்ட சிலர் மனதுக்குள் கிறிஸ்துவை ஏற்றார்கள். வெளியே இந்துக் குடும்பத்து மனைவியாக, மருமகளாகவே வாழ்ந்தார்கள். ஞானஸ்நானம் எடுத்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கும். இந்த இரகசியக் கிறிஸ்தவர்களைப் பற்றி எலைசா கென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2011இல் விரிவாக எழுதியிருக்கிறார். என் அம்மாச்சி ஒரு பைபிள் உமன். அடுப்படியில் உட்கார்ந்து, வாசல் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே ஜெபித்த பெண்களைப் பற்றி அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். சாகும்வரை அவர்கள் கைக்கு அப்பம் வந்ததே இல்லை.

அது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. எங்கள் ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண், திருவிருந்து தொடங்கும் முன் எழுந்து போய்விடுவார். ஒருநாள் என்னிடம் கேட்டார்: “டீச்சர், நானும் முன்னால வந்து முட்டி போடவா?”

“ஞானஸ்நானம் எடுத்திருக்கியாம்மா?”

“எடுத்தா மகனுக்கு எஸ்.சி. சர்டிபிகேட் போயிரும்னு சொல்றாக டீச்சர்.”

அவர் பயப்படுவதில் தப்பே இல்லை. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் சிசுவாகப் பெற்ற ஞானஸ்நானத்தையும் சான்றாக எடுத்துக்கொண்டு, பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஞானஸ்நானம் மனதுக்குள் முடிந்துபோகிற காரியம் இல்லை; வீடும் சாதியும் அரசாங்கமும் அதைக் கவனித்துக்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் ஞானஸ்நானமே வேண்டாமா? 1970களின் தொடக்கத்தில் எம்.எம். தாமஸும் நியூபிகினும் இதைப் பற்றி வாதாடினார்கள். கிறிஸ்துவை ஏற்றவர்கள் தங்கள் சமூகத்துக்குள்ளேயே, சபைக்கு வெளியே ஒரு கூட்டமாக இருக்கலாம் என்றார் தாமஸ். கண்ணுக்குத் தெரிகிற சமூகம் இல்லாமல் அது நிற்காது என்றார் நியூபிகின். இதில் நான் நியூபிகின் பக்கம். அம்மாச்சி போய்வந்த வீடுகளில் பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த ஜெபம் நின்றுபோனது.

ஆனால் சமூகம் என்று எதைக் காட்டுகிறோம்? எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஊழியம் செய்த அமெரிக்கன் மதுரை மிஷன், சாதியை விடாதவர்களுக்குத் திருவிருந்து இல்லை என்று 1847இல் முடிவெடுத்தது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அன்பின் விருந்துதான் பரீட்சை. மறுத்தவர்கள் விலக்கிவைக்கப்பட்டார்கள். அந்த மிஷனரிகள் பந்தியைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள். கொரிந்து சபையில் பணக்காரர் முந்திச் சாப்பிட்டு ஏழைகளைப் பட்டினி போட்டபோது, அது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று பவுல் கண்டித்தார். இன்று கல்யாணத்துக்குச் சாதி பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் முட்டிபோடுகிறவரை எந்தச் சபையும் எழுப்பிவிடுவதில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிடுகிறோம். கடைசி வரிசைப் பெண் எழுந்து போகிறார்.

ஞானஸ்நானம் பெறாதவர் உண்ணக்கூடாது என்று ‘திதாக்கே’ என்ற ஆதிச் சபை நூலே சொல்கிறது என்பார்கள். உண்மைதான். அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் பந்தியில் இயேசுவோடு உட்கார்ந்திருந்த சீடர்களுக்குக் கிறிஸ்தவ ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதாக நற்செய்தி நூல்களில் எங்கும் இல்லை. அப்பத்தைக் கொடுக்கிறவர் கடவுள் என்று நம்புகிறவர்கள், அவர் யாருக்குக் கொடுக்கலாம் என்பதைத் தாசில்தார் அலுவலகச் சான்றிதழைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது.

ஆகவே எங்கள் ஆயர்களிடமும் திருமண்டலத்தாரிடமும் கேட்கிறேன். ஞானஸ்நானத்துக்கு ஆசைப்பட்டும் குடும்பமோ சட்டமோ தடுப்பதால் காத்திருக்கிறவர்கள் தங்கள் விசுவாசத்தை ஆயரிடம் சொன்னால், அவர்களுக்குத் திருவிருந்து கொடுக்க ஒழுங்கு செய்யுங்கள். 1950 ஆணையை மாற்றக் கேட்கும் போராட்டத்தில், சாதிக் கிறிஸ்தவர்கள் உட்பட எல்லாச் சபையாரையும் தெருவில் இறங்கச் சொல்லுங்கள்.