கள்ளப் பிரதியும் கள்ளாமையும்

களவு தீது என்பதை மறுப்பார் இலர். ஆயினும் ஒரு நூலையோ திரைப்படத்தையோ உரியவர் இசைவின்றிப் பிரதி எடுத்தல் களவாகுமா என்று வினவினால் நம்மில் பலர் தயங்குகின்றனர். ஒருவருடைய மாட்டைக் கவர்ந்தால் அவர் மாட்டை இழக்கிறார். பாட்டைப் பிரதி எடுத்தால் பாட்டு அவரிடமே இருக்கிறதே, இழப்பு யாது என்பது அவர்தம் ஐயம். எளிதில் ஒதுக்கத்தக்க ஐயம் அன்று இது.

மேலும், பிரதி எடுத்தலைப் புண்ணியமாகப் போற்றிய மரபு நம்முடையது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டுப் பெருமாட்டி அத்திமப்பே, பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதிகள் எழுதுவித்து வழங்கினார். அன்று அறமாக இருந்த செயல் இன்று குற்றமாவது எங்ஙனம்?

அத்திமப்பே செலவிட்டது தம் செல்வத்தை. கவிஞரை அக்காலத்தில் மன்னரும் வள்ளல்களும் புரந்தனர். ஆதலின் பிரதி பெருகியதால் அவருக்குப் புகழே பெருகிற்று. இன்று புரவலர் இடத்தில் இருப்பவர் வாசகரும் பார்வையாளருமே. நூலின் விலையும் திரையரங்கின் கட்டணமும், பலர் சிறுகச் சிறுகப் பகிர்ந்தளிக்கும் புரவுத்தொகையாகும். அதனைக் கொடாது பயனை மட்டும் கொள்வதே கள்ளப் பிரதி.

இதனால் நாட்டுக்கு நேரும் இழப்பை மிகைப்படுத்தவும் வேண்டா. கள்ளப் பிரதியில் படம் பார்த்தோர் அனைவரும் கட்டணம் செலுத்திப் பார்த்திருப்பர் எனக் கணக்கிடுவது பொருந்தாது. மெய்யான இழப்பு வேறிடத்தில் உள்ளது. திரைப்படத்தின் முதலீடு பெரும்பாலும் வட்டிக்குப் பெற்றது. வெளியான முதற்சில நாட்களிலேயே மீள வேண்டியது. அந்நாட்களில் கைபேசிதோறும் கள்ளப் பிரதி பரவினால், பெரிய நடிகரின் படம் தாங்கக்கூடும். புதியவரின் படம் தாங்காது. அடுத்த படத்தில் வேலை பெற்றிருக்க வேண்டிய ஒளியமைப்பாளரும் ஒப்பனையாளரும் வேலையின்றி நிற்பர். சில நூறு பிரதிகளே விற்கும் பதிப்பாளர், அகராதியோ மொழிபெயர்ப்போ வெளியிடத் துணியார். தோன்றாமலே போன படைப்புகளை எந்தக் கணக்கேடும் காட்டாது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளரைக் காக்கிறது. 2023இல் திருத்தப்பெற்ற திரைப்படச் சட்டம், திரையரங்கில் படத்தைக் களவாகப் பதிவு செய்வோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆயின் சட்டத்தின் கண் பெரும்பாலும் களவாடியவனையே நாடும்; பெற்றுக்கொண்டவரை நாடுவது அரிது. தத்துவார்த்த சூத்திரமோ, கள்ளாமை என்னும் அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் களவுப் பொருளை ஏற்றலையும் போலியை விற்றலையும் சேர்த்தே எண்ணுகிறது. விலையின்றி வந்ததை வினவாது ஏற்கும் கையும் மாசுறும்.

அங்ஙனமாயின் பொருளற்ற மாணவர் அறிவு பெறுவது எவ்வாறு? நேரிய வழிகள் உண்டு. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்களின் பொதுவுடைமையாயின. அரசு செய்ததைச் சிறு அளவில் நாமும் செய்யலாம். ஒரு நூலை விலை கொடுத்து வாங்கி, ஊர் நூலகத்துக்கோ ஓர் ஏழை மாணவருக்கோ அளிக்கலாம். அதுவே சாஸ்திர தானம். நம்முடையதைக் கொடுத்தலே தானம். பிறர் உழைப்பை எடுத்துக் கொடுத்தல் தானமாகாது.