ஓய்வை மொத்தமாக வாங்கலாமா?

டைம்ஷேர் என்பது எளிமையான யோசனை. ஒரு மலை விடுதி அறையை ஒருவருக்கு விற்காமல், வருடத்தின் 52 வாரங்களாக வெட்டி 52 பேருக்கு விற்பது. 1960களில் ஐரோப்பாவில் தொடங்கியது. இங்கே 1986இல் ஸ்டெர்லிங்கும் 1996இல் மஹிந்திரா ஹாலிடேஸும் இதைப் பரவலாக்கின. வாங்குபவருக்குக் கிடைப்பது சுவரோ நிலமோ அல்ல, வருங்காலத்தின் சில நாட்கள். காலத்தை இப்படி வாங்க முடியுமா, வாங்கலாமா என்பதுதான் என் கேள்வி.

சென்ற வருடம் ஒரு மலை ரிசார்ட்டுக்கு இலவசமாக அழைக்கப்பட்டோம். நல்ல சாப்பாடு, குழந்தைக்கு ஒரு பொம்மை, பிறகு இரண்டு மணி நேரப் பேச்சு. வருடத்துக்கு 7 இரவுகள், 25 வருடம், 4 லட்ச ரூபாய். பராமரிப்புக்கு வருடம் 18,000 தனி. "ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான் சார்."

நான் கணக்குப் போடுகிற ஜாதி. 4 லட்சத்தை 175 இரவுகளால் வகுத்தால் இரவுக்கு 2,286 ரூபாய், மலிவாகத்தான் தெரியும். அதே பணத்தை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட் செய்தால் வருடம் 28,000 வரும், அதாவது இரவுக்கு 4,000. பராமரிப்பு இரவுக்கு 2,571. ஆக உண்மையான வாடகை 6,571. டெபாசிட்டில் அசலும் கையில் நிற்கும். இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, காரணம் விற்பனைப் பெண் கேட்ட ஒரு கேள்வி: "கடைசியா எப்ப சார் ஃபேமிலியோட ஒரு வாரம் இருந்தீங்க?"

அது நியாயமான கேள்வி. ஐ.டி. வேலையில் விடுப்பு சேரும், எடுக்கத்தான் மாட்டோம். பணத்தை முன்னாலேயே கட்டிவிட்டால் அந்தப் பணத்துக்குப் பயந்தாவது போவோம் அல்லவா? இன்றைய நான் நாளைய என்னைக் கட்டிப்போடுவது. டைம்ஷேருக்குச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இதுதான்.

ஆனால் கட்டுப் பிடிக்குமா? டெல்லவீனா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006இல் அமெரிக்க ஜிம் உறுப்பினர்களை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு தடவைக்கு 10 டாலர் கொடுத்துப் போகலாம் என்றிருக்க, மாதச் சந்தா கட்டியவர்கள் போன நாட்களை வைத்துப் பார்த்தால் தடவைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். கட்டிய பணம் கால்களை நகர்த்தவில்லை.

காலத்தைப் பங்கு போடுவது நமக்குப் புதிதும் இல்லை. திருவிழாவில் மண்டகப்படி இருக்கிறது: இன்ன நாள் இன்ன குடும்பத்துக்கு, இன்ன சமூகத்துக்கு. கண்மாய்த் தண்ணீரில் முறை இருக்கிறது. நீர்பாய்ச்சி உங்கள் வயலுக்குத் திருப்பிவிடும்போது நீங்கள் வரப்பில் இருக்க வேண்டும். இவையும் ஒரு வகையில் டைம்ஷேர்தான். வித்தியாசம், என் முறைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மனிதர்கள் நிற்கிறார்கள். மண்டகப்படிக்காரர் வராவிட்டால் ஊர் கேட்கும். அந்த நாளில் அவர் பெறுவதைவிடக் கொடுப்பதுதான் அதிகம். ரிசார்ட்டில் என் வாரத்தில் நான் வராவிட்டால் யாருக்கும் எதுவும் குறையாது. கட்டிப்போடுவது பணமல்ல, எதிர்பார்க்கும் ஆட்கள்.

இதைச் சொல்லும்போது அம்மாவின் ஊரான ராஜபாளையம் நினைவில் வருகிறது. ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில். ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். மழை பிடித்துத் தண்ணீர் ஏறினால் வனத்துறை வழியை அடைத்துவிடும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு மலையில் நம் உரிமை இன்னும் சுருங்கியிருக்கிறது. மலைத் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக ஊருக்குக் குடிநீராகிறது. அந்தத் தண்ணீரில் யாருக்கும் வாரம் கிடையாது. சாமிக்குப் பெயரே காத்தவர் என்பதுதான்.

இதை வைத்து ரிசார்ட்டை மட்டம் தட்டுவது சுலபம், ஆனால் நேர்மையில்லை. கோவிலுக்குப் போகும் வழியில் பிளாஸ்டிக் கிடக்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவால் பாறையில் ஏற முடியாது. சுத்தமான கழிப்பறையும் லிஃப்ட்டும் அவளுக்கு ஆடம்பரம் அல்ல. பொது இடத்தை நாம் காக்கத் தவறும் அளவுக்குத்தான் தனி இடம் விற்கிறது.

என்னை உண்மையில் நிறுத்தியது "இன்னைக்கு மட்டும்" என்ற சொல்தான். எனக்கு 34 வயது, மகளுக்கு 6. ஒப்பந்தம் முடியும்போது எனக்கு 59, அவளுக்கு 31. அந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது. அவர்கள் சார்பில் ஒரு சொல் கொடுக்க, இரண்டு மணி நேரமும் ஓசிச் சாப்பாடு தந்த கூச்சமும் போதுமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிப்படி, டைம்ஷேரில் கையெழுத்திட்டவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அதுவரை முன்பணமும் வாங்கக் கூடாது. யோசிக்க நேரம் தராமல் பெற்ற சம்மதம் முழுச் சம்மதம் அல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 25 வருடத்தை விற்பவர் இரண்டு வாரம் தர மறுத்தால், அவர் விற்பது காலத்தை அல்ல, அவசரத்தை.

நாங்கள் வாங்கவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "லீவுக்கும் இ.எம்.ஐ.யாப்பா?" என்றாள்.

ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வியை விட்டுவிடவும் முடியவில்லை. இந்த வருடம் 7 நாள் விடுப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அம்மாவிடமும் மகளிடமும் தேதியைச் சொல்லிவிட்டேன். இனி நான் வராவிட்டால் கேட்க இரண்டு பேர் இருக்கிறார்கள். என் மண்டகப்படி அவ்வளவுதான்.