பாடுபடுகிறவர்கள் நம் பக்கத்து வரிசையில்

விசுவாசத்துக்காகப் பாடுபட்டவர்கள் என்றதும் தேவசகாயம் நினைவுக்கு வருவார். திருவிதாங்கூர் அரசில் அலுவலராயிருந்த அவர் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் பட்டது ஊரறிந்த பாடு. வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துச் சபைகளில் ஊர் அறியாத பாடு ஒன்றும் உண்டு. அதில் இரத்தம் சிந்துவதில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதும்போது, மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒரு தகப்பன் தயங்கும் நேரத்தில் அது நடக்கிறது.

அந்தத் தயக்கத்தின் வேர் 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையில் இருக்கிறது. இந்து சமயத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். தீண்டாமை இந்து சமூகத்தில் பிறந்தது, ஆகவே பரிகாரமும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது இந்த விலக்குக்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் ஞானஸ்நானம் பெற்றவரின் தெரு மாறுவதில்லை, செய்யும் வேலை மாறுவதில்லை, ஊர் அவரைப் பார்க்கும் பார்வையும் மாறுவதில்லை.

இழப்பு என்ன என்று கணக்குப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் அவருக்குப் பங்கில்லை. சாதியின் பெயரால் தாக்கப்பட்டாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பு இல்லை. குடியாத்தமும் கீழ்வைத்தினான்குப்பமும் தனித்தொகுதிகள். அங்கே அவர் வாக்களிக்கலாம், வேட்பாளராக நிற்க முடியாது.

இந்தக் கணக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்களில் சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியை நாம் மறக்கக் கூடாது. சென்னைச் சாலையோரத்தில் அமர்ந்து தொழில் செய்தவர், ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். சாலையோரத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் அதே தோலை அதே ஊசியால் தைத்தவர்களுக்குக் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தோற்றார்.

இதை விசுவாசத்துக்கான பாடு என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. மீண்டும் இந்துவாகி, அந்தச் சாதியாரும் ஏற்றுக்கொண்டால், இழந்த உரிமை திரும்பக் கிடைக்கும் என்பதை நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. கதவு திறந்தே இருக்கிறது. அப்படியிருந்தும் சபையில் இருப்பவர், ஒருமுறை அல்ல, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கிறிஸ்துவைத் தெரிந்துகொள்கிறார். பரம்பரையாகக் கிறிஸ்தவர்களாக இருந்து, அந்தப் பெயருக்காக எதையும் இழக்காத நாம் அவரிடம் கற்கும் முதல் பாடம் இது: விசுவாசத்துக்கு விலை உண்டு. நாம் கொடுக்கவில்லை என்றால், நமக்குப் பக்கத்தில் ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் சான்றிதழில் இன்னொரு பெயருமாக வாழ்கிறவர்களும் உண்டு. இப்படி இரண்டு பக்கமும் நிற்பது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்று 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. மெய்யை மறைப்பது தவறுதான். ஆனால் பிள்ளையின் படிப்பா, மீட்பரின் பெயரா என்று கேட்கப்படாத நாம் அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தகுதியில்லாதவர்கள். பேதுரு மறுதலித்த இரவில், இயேசுவோடு இருந்தவனா என்ற கேள்வியாவது அவனிடம் வந்தது. நமக்கோ கேள்வியே வரவில்லை.

இரண்டாம் பாடம் இன்னும் கடினமானது. சூசை வழக்கில், மதம் மாறிய பின்னும் சாதி தொடர்வதைக் காட்டினால் மட்டும் போதாது, கிறிஸ்தவச் சூழலிலும் அதே கடுமையோடு இழிவு நீடிப்பதைக் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். போதிய ஆதாரம் இல்லை என்று மனுவைத் தள்ளியது. ஆதாரமோ தமிழ்நாட்டின் கல்லறைத் தோட்டங்களில் இருந்தது. செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரித்த சுவர்களைக் கிறிஸ்தவர்களே எழுப்பினார்கள். ஆலயத்துக்குள்ளும் இடம் பிரித்தார்கள். ஆக, இந்த விசுவாசி இரண்டு பக்கமும் அடிபடுகிறார்: கிறிஸ்தவர் என்று அரசு விலக்குகிறது, தலித் என்று சபை விலக்குகிறது. பாடுபடுகிறவரைப் போற்றுமுன், அந்தப் பாட்டில் நம் கை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அவர் நமக்குக் கற்பிப்பது முதலில் மனந்திரும்புதலைத்தான்.

அந்த மனந்திரும்புதல் செயலில் தெரிய வேண்டும். 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி 2007இலேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கு இந்த உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐத் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அன்று அவர்களோடு மற்றவர்களும் நிற்க வேண்டும். இழந்த வாய்ப்புகளுக்கு ஈடாகச் சபை தன் காணிக்கையிலிருந்து படிப்புச் செலவு கொடுக்கட்டும். நிர்வாகக் குழுவிலும் கல்லறையிலும் சாதி பார்ப்பது ஒழியட்டும். ஓர் உறுப்பு நொந்தால் உடல் முழுவதும் நோகும் என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதினார். நோகவில்லை என்றால் நாம் அந்த உடலில் இல்லை.