குழல் நுனியில் செங்காந்தள்

செப்டம்பர் தொடக்கத்தில் குடகில் கைல்போள்து என்னும் ஆயுத வழிபாட்டுத் திருநாள். அன்று துப்பாக்கிக்குச் சந்தனம் தொட்டு, குழல் நுனியில் செங்காந்தள் செருகி வணங்குகிறார்கள். அங்குள்ள குடவர் சமூகத்தாருக்கான துப்பாக்கி லைசென்ஸ் விலக்கு செல்லும் என்று 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆனால் ஃபேஸ்புக்கின் விளம்பர விதிக்கு அந்தப் பூ கண்ணில் படாது. லைசென்ஸோடு நடக்கும் கடையானாலும் துப்பாக்கி விளம்பரம் கூடாது. பாதுகாப்புப் பயிற்சியை விளம்பரம் செய்யலாம். புத்திசாலிக் கடைக்காரர் அதோடு நிறுத்திக்கொள்வார். விலைப்பட்டியல் கடைக்குள்ளேயே இருக்கட்டும்.

இதை அமெரிக்கக் கம்பெனியின் கெடுபிடி என்று அலுத்துக்கொள்வது எளிது. ஆனால் இல்லறத்தாருக்குப் புத்தர் விலக்கிய ஐந்து வணிகங்களில் ஆயுத விற்பனையும் ஒன்று. வைத்திருப்பதல்ல, விற்பதே அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அப்படியானால் பூஜைக்குரிய பொருள் எந்த நொடியில் சரக்காகிறது? பில் போடும்போதா, படம் எடுத்துப் போடும்போதா?